ஜூலையில் பொறுப்பேற்கும் சங்கத் தலைவர்களுக்கு: நெல்லைச் சீமையின் பருவம் பார்த்து ஆண்டை வகுங்கள்

நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரங்களின் அரிமா (லயன்ஸ்), ரோட்டரி, பிற சேவைச் சங்கங்களில் பொறுப்பேற்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் அனைவருக்கும்

அன்புடையீர், வணக்கம்.

சங்கக் கணக்குகளைப் பார்ப்பவர்களும், கண் முகாம், இரத்ததான முகாம்களில் வேலை செய்பவர்களுமாகச் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். உங்கள் சேவை ஆண்டு ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ரோட்டரிக்கும், 1917இல் அதே ஊரில் உருவான அரிமா சங்கத்துக்கும் உலகமெங்கும் இதே ஆண்டுதான். அதை மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். ஆனால் வேலைத் திட்டத்தையும் நிதி திரட்டுவதையும் அந்த ஆண்டை வைத்து வகுக்காதீர்கள். நம் மாவட்டத்து மழை, நடவு, அறுப்பு, கோயில் கொடைவிழா, பள்ளித் திறப்பு ஆகியவற்றை வைத்து வகுங்கள். இந்த ஒன்றைத்தான் கேட்கிறோம். நல்ல மனத்தோடு செய்யும் வேலையும் கொடுக்கும் பணமும் பயனில்லாமல் போவது பெரும்பாலும் காலம் தவறிச் செய்வதால்தான்.

மரக்கன்றைப் பாருங்கள். பதவியேற்பு முடிந்த முதல் வாரமே பள்ளி வளாகத்தில் கன்று நடுவது வழக்கமாகிவிட்டது. ஆனியும் ஆடியும் குற்றாலத்துக்குச் சாரல் காலம். பாளையங்கோட்டைக்கும் மானூருக்கும் நாங்குநேரிக்கும் அது காற்றுக் காலம். மழையை மலை மேற்கேயே நிறுத்திவிடுகிறது, கணவாய் வழியாக உலர்ந்த காற்று மட்டும் இறங்குகிறது. கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுழல்வது இந்த மாதங்களில்தான். அந்தக் காற்றில் இரண்டடிக் கன்றின் இலை இழக்கும் நீரைப் புது வேரால் ஈடுகட்ட முடியாது. குச்சி ஊன்றிக் கட்டினாலும் தண்டு ஆடி ஆடி வேரடி மண் இளகிவிடும். ஆவணிக்குள் பாதி பட்டுவிடும். மிஞ்சியதை ஆடு முடித்துவிடும்.

நமக்கு மழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறது. ஆகவே ஆடியில் இடம் பாருங்கள். புரட்டாசிக் கடைசியில் இரண்டடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து மக்கிய சாணம் கலந்து மண்ணை ஆற விடுங்கள். முதல் நல்ல மழை பெய்து மண் நனைந்ததும் நடுங்கள். வேம்பு, புங்கன், மருது, நாவல் போதும், இறக்குமதிப் பூமரம் வேண்டாம். மருது ஆற்றங்கரைக்கும் வாய்க்கால் கரைக்கும்தான், மேட்டு நிலத்தில் வைக்காதீர்கள். மரத்துக்கென்று ஒதுக்கிய பணத்தில் நாலில் ஒரு பங்கை நடவுக்கும், மூன்று பங்கை வேலிக்கூண்டுக்கும் அடுத்து வரும் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றும் ஆள் கூலிக்கும் வையுங்கள். அந்தப் பங்கு இல்லையென்றால் ஐந்நூறு கன்றுக்குப் பதில் ஐம்பது நடுவது மேல்.

பனை இன்னும் எளிது, செலவும் குறைவு. ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். கொட்டையைச் சேர்த்து, மழைக்கு முன் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றிவிட வேண்டும். முளை கீழ்நோக்கி ஆழமாக இறங்குவதால் பையில் வளர்த்துப் பிறகு எடுத்து நடுவது பனைக்குச் சரிவராது. நிற்க வேண்டிய இடத்திலேயே கொட்டையைப் போட வேண்டும். குளக்கரையின் வெளிச்சரிவில், மடையிலிருந்தும், உபரி நீர் வெளியேறும் மறுகாலிலிருந்தும் தள்ளி ஊன்றுங்கள். கரை மேல் ஜேசிபி போகும் தடத்தில் போட்டால் அடுத்த மராமத்தில் போய்விடும். குளம் யாருடையது என்று முன்னரே கேளுங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை நீர்வளத்துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். அனுமதிக் கடிதம் வாங்க ஒரு மாதமாவது ஆகும், அதனால்தான் ஆடியிலேயே தொடங்கச் சொல்கிறோம்.

பள்ளி உதவியில் நடக்கும் தவறு வேறு விதம். பள்ளி ஜூனில் திறக்கிறது. அப்போது பழைய நிர்வாகத்தின் கை காலியாக இருக்கும், புதிய நிர்வாகம் இன்னும் வரவில்லை. பதவியேற்பு, சங்க மாவட்ட ஆளுநர் வருகை எல்லாம் முடிந்து நோட்டுப் புத்தகம் பிள்ளைகள் கைக்குப் போவது ஆகஸ்டில். அதற்குள் பெற்றோர் கடன் வாங்கி வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், சீருடை, பை, காலணி என்று அரசே பலவும் தருகிறது. எனவே எது வராது என்பதை ஏப்ரலிலேயே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்நிலை வகுப்புக்கான செய்முறைப் பதிவேடு, கல்லூரியில் சேரும் பிள்ளையின் முதல் பருவக் கட்டணம், தொலைவிலிருந்து வருபவருக்குச் சைக்கிள் பழுதுபார்ப்பு என்று பட்டியல் வரும். இதற்கான பணத்தை வெளியேறும் நிர்வாகம் மே மாதத்திலேயே தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். இதை நீங்கள் அடுத்த ஆண்டு உங்களுக்குப் பின் வருபவருக்குச் செய்யுங்கள். பெயர் அவருக்குப் போகும், பிள்ளைக்கு நோட்டு ஜூனில் கிடைக்கும்.

இரத்ததானம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எல்லாச் சங்கங்களும் ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று ஒரே நாளில் முகாம் வைக்கின்றன. இரத்தத்திலிருந்து பிரிக்கும் தட்டணுக்களை (பிளேட்லெட்) ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. ஒரே நாளில் குவிந்தால் வீணாகும், பத்து நாள் கழித்துத் தேவைப்படும்போது இருக்காது. அடுத்து, ஆண்கள் இரண்டு தானத்துக்கு இடையே 90 நாளும், பெண்கள் 120 நாளும் விட வேண்டும். அக்டோபர் 2இல் கொடுத்த ஒருவர் டிசம்பர் 31 வரை மீண்டும் கொடுக்க முடியாது. மழைக்குப் பின் டெங்கு தலைதூக்கித் தட்டணு தேடி அலைவது நவம்பர், டிசம்பரில். அதாவது தேவை வரும் நேரத்தில் நம் கொடையாளர் எல்லாரையும் நாமே ஓய்வில் உட்காரவைத்திருக்கிறோம். ஏப்ரல், மே மாதங்களில் கல்லூரிகள் மூடியிருப்பதால் மறுபடியும் வறட்சி. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தென்காசிப் பக்கமிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

சங்கங்கள் கூடித் தேதியைப் பிரித்துக்கொண்டால் போதும். ஒரு சங்கம் நவம்பர் நடு வாரம், இன்னொன்று டிசம்பர் முதல் வாரம், மூன்றாவது ஏப்ரல், நான்காவது மே. கோடை முகாமைக் கல்லூரியில் வைக்க முடியாது. ஜவுளிக்கடை, போக்குவரத்துப் பணிமனை, நூற்பாலை, தேவாலயம், பள்ளிவாசல் ஜமாத் என்று போக வேண்டும். காலை 8 மணிக்குத் தொடங்கி வெயில் ஏறுமுன் 12க்கு முடியுங்கள். ஒரு கட்டிலுக்கு மணிக்கு நான்கு பேர் என்று கணக்கு வைத்தால், ஐம்பது பேருக்கு நாலு கட்டிலும் மூன்றேகால் மணி நேரமும் வேண்டும். நூறு பேரை ஒரே நேரத்தில் வரச் சொல்லிக் காக்கவைத்தால் பசியிலும் புழுக்கத்திலும் மயக்கம் வரும், பார்த்தவர் பயந்து திரும்பிப் போவார். வருபவர் நாலு மணி நேரத்துக்குள் சாப்பிட்டிருக்க வேண்டும். வயது 18 முதல் 65, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் பெண்கள் பலர் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பாமல் அளவை எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை வாங்க வழி சொல்லி அனுப்புங்கள். அதுவும் சேவைதான்.

கண் முகாமுக்கு வருவோம். 1925இல் ஹெலன் கெல்லர் அரிமாக்களிடம் பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டதிலிருந்து அது உங்கள் சங்கங்களின் தலையாய பணி. அரவிந்த் கண் மருத்துவமனை 1988இல் திருநெல்வேலியில் தொடங்கியதால், நம் பக்கத்து ஊர்களுக்கு அறுவைச் சிகிச்சை எட்டும் தூரத்தில் வந்துவிட்டது. மருத்துவர் தட்டுப்பாடு இங்கே பெரிய சிக்கல் இல்லை. வர வேண்டியவர் வராமலிருப்பதுதான் சிக்கல்.

ஏன் வரவில்லை என்று கேட்டால், தேதியே பாதிக் காரணம். ஐப்பசி, கார்த்திகையில் பிசான நெல் நடவு. மாசி, பங்குனியில் அறுப்பு. அந்த நாளில் வயல்காட்டு ஊரில் முகாம் போட்டால் வீட்டில் இருப்பவர் கட்டிலில் கிடப்பவர் மட்டுமே. பங்குனி உத்திரத்தை ஒட்டி ஊரே சாஸ்தா கோயிலுக்குப் போயிருக்கும். கொடை நடக்கும் வாரத்தில் காப்புக் கட்டியவர் ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார். கிறிஸ்தவ ஊர்களில் அசனப் பண்டிகை (ஊர் கூடி உண்ணும் திருவிருந்து) நாளை விசாரியுங்கள். மேலப்பாளையத்தில் ரமலான் பகலில் வைக்காதீர்கள். தைப்பொங்கல் கழிந்த இரண்டு ஞாயிறு, வைகாசி, ஆவணி ஆகியவை பெரும்பாலான ஊர்களுக்குத் தோதான காலம். வெயிலில் கண் ஆபரேஷன் கூடாது, புரை முற்றினால்தான் எடுக்க வேண்டும் என்ற இரண்டு நம்பிக்கையும் பழைய முறைச் சிகிச்சைக் காலத்தவை. இன்றைய உள்விழி லென்ஸ் முறைக்குப் பருவம் தடையில்லை, முற்றவிடுவதால் சிக்கல்தான் கூடும். இதை மருத்துவமனை ஊழியர் சொல்வதைவிட, அதே தெருவில் ஆபரேஷன் செய்துகொண்ட ஓர் ஆச்சி சொன்னால் எடுபடும். ஒவ்வோர் ஊரிலும் அப்படி இருவரை முன்கூட்டியே பேசிப் பிடியுங்கள்.

மருத்துவமனையிடம் இரண்டு மாதத்துக்கு முன் தேதி வாங்குங்கள். பந்தல், சாப்பாடு, பேருந்து, விளம்பரம் இவற்றில் யார் எதை ஏற்பது என்பதையும் அன்றே எழுத்தில் வாங்கிவிடுங்கள். பார்வை அட்டையை 6 மீட்டர், அதாவது 20 அடி தள்ளி நின்று படிக்க வேண்டும். வகுப்பறைக்குள் மேசை நாற்காலி போட்ட பிறகு அந்த நீளம் கிடைக்காது, நீண்ட தாழ்வாரம் உள்ள பள்ளியைப் பாருங்கள். பரிசோதனைக்கு இருட்டாக்கக்கூடிய ஓர் அறை தனியாக வேண்டும், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி எடுத்து வையுங்கள். மின்தடை அறிவிப்பு அந்த நாளில் இருக்கிறதா என்று மின்வாரிய அலுவலகத்தில் கேளுங்கள். விளம்பரத்துக்குப் பேனரைவிட ஆட்டோ ஒலிபெருக்கி நல்லது. முந்தின ஞாயிறு ஒருமுறை, முந்தின நாள் மாலை ஒருமுறை, ஐந்தாறு கிலோமீட்டருக்குள் எல்லாத் தெருவிலும் போக வேண்டும். ரேஷன் கடை, பால் சொசைட்டி, நூறு நாள் வேலைத்தளம் மூன்றிலும் நோட்டீஸ் கொடுங்கள். நோட்டீசில் அழகான வாசகம் வேண்டாம். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை அன்றும் வழக்கம்போல் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வரவும்; மாத்திரைச் சீட்டு, ஆதார் நகல், மாற்றுத் துணி, மகன் அல்லது மகளின் கைப்பேசி எண் கொண்டுவரவும் என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மாத்திரை போடாமல் வந்து இரத்த அழுத்தம் கூடியிருப்பதால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும் ஆட்கள் ஒவ்வொரு முகாமிலும் இருக்கிறார்கள்.

தேர்வானவர் பேருந்தில் ஏறும் நேரத்தில்தான் பலர் கழன்றுகொள்கிறார்கள். ஆட்டை யார் பார்ப்பது, பேத்தியை யார் பள்ளிக்கு அனுப்புவது என்பதே காரணம். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்கள், சில வாரம் சுற்ற முடியாமல் போனால் கூலி நின்றுவிடும் என்று பயப்படுகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. முகாமுக்கு ஒதுக்கிய பணத்தில் மேடை, பொன்னாடை, நினைவுப்பரிசுச் செலவை எடுத்துவிட்டு, அறுவைச் சிகிச்சைக்குப் போகும் பெண்களில் தேவைப்படுவோருக்குப் பத்துக் கிலோ அரிசியும் ஒரு மாத மளிகையும் கொடுங்கள். எந்தச் சொற்பொழிவும் செய்யாத வேலையை அது செய்யும்.

ஒரு மாதம் கழித்து வரும் மறுபரிசோதனையில் புகைப்படம் எடுக்க ஆள் இருக்காது, சங்கத்தாரும் இருக்க மாட்டார்கள். சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்தியவரும், கண்ணாடி போட்டால்தான் முழுப் பார்வை என்று தெரியாதவரும் அன்றுதான் பிடிபடுவார்கள். தேர்வானவர் பெயர், தெரு, எண் எழுதிய நோட்டை வைத்து ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்து வரவழைப்பது ஓர் உறுப்பினரின் முழுப் பொறுப்பாக இருக்கட்டும்.

கண்தான உறுதிமொழிப் படிவங்களை விழா மேடையில் நூற்றுக்கணக்கில் வாங்குகிறீர்கள். இறப்பு நேர்ந்த 6 மணி நேரத்துக்குள் யாராவது தொலைபேசியில் சொன்னால்தான் அந்தப் படிவத்துக்குப் பொருள். இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைத் தலையணையால் சற்று உயர்த்தி வைக்க வேண்டும். படிவம் இல்லாவிட்டாலும் உறவினர் சம்மதம் போதும், கண்ணாடி போட்டவரும் புரை எடுத்தவரும் கொடுக்கலாம். ஊரில் இழவுச் செய்தி முதலில் எட்டுவது குளிர்ப்பெட்டி வாடகைக்கு விடுபவருக்கும் பந்தல்காரருக்கும்தான். அவர்களிடம் உங்கள் இரண்டு உறுப்பினர்களின் எண்ணைக் கொடுத்து வையுங்கள். துக்க வீட்டில் பேசப் பக்குவமானவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

2023 டிசம்பர் 17, 18இல் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது, தாமிரபரணிக் கரையெங்கும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. வெள்ளம் வந்த பிறகு கூட்டம் போட்டு நிதி திரட்டினால் சாமான் போய்ச்சேர ஒரு வாரம் ஆகும். புரட்டாசிக்குள் ஒரு தொகையை வெள்ள நிதி என்று பெயர் சொல்லி ஒதுக்கிவிடுங்கள். பாய், போர்வை, டார்ச், குழந்தைக்கும் முதியவருக்கும் டயப்பர், மாதவிடாய் நாப்கின், குளோரின் மாத்திரை, துடைப்பம், மண்வெட்டி ஆகியவற்றை மேட்டுப்பகுதியில் ஓரிடத்தில் வைத்திருங்கள். பழைய துணியை எந்தக் காரணத்துக்கும் வாங்காதீர்கள். பிரிக்க ஆள் போதாது, நனைந்தால் அழுகும், கடைசியில் தெருவில் கிடக்கும். தொட்டி நீருக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் தரமான பிளீச்சிங் பவுடர் கலந்து அரை மணி நேரம் விட வேண்டும் என்பது தெளிந்த நீருக்கான கணக்கு. கலங்கிய வெள்ள நீருக்கு அது பற்றாது, சுகாதார ஆய்வாளரிடம் கேட்டே செய்யுங்கள். மழை வராத ஆண்டில் அந்த நிதியை வேறெதற்கும் எடுக்காமல் அடுத்தவரிடம் ஒப்படையுங்கள்.

இனி பணம். பொதுமக்களிடம் வாங்கிய பணம் பொதுமக்களுக்கே போக வேண்டும் என்பது அரிமா சங்க விதி. நிர்வாகக் கணக்கு, சேவைக் கணக்கு என்று இரண்டு வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். பதவியேற்பு விருந்து, மாலை, மாவட்ட மாநாட்டுப் பயணம் எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து மட்டும். ஒரு நிதி திரட்டும் நிகழ்ச்சியின் நேரடிச் செலவை அதன் வரவில் கழிக்கலாம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் கூடாது. கியூஆர் அட்டை சங்கத்தின் சேவைக் கணக்குக்கு உரியதாக இருக்கட்டும், பொருளாளரின் சொந்தக் கைப்பேசிக்கு உரியதாக இருக்கக் கூடாது. அவர் நேர்மையானவராகவே இருந்தாலும், பொறுப்பு மாறும்போது எந்த வரவு யாருடையது என்று பிரிக்க முடியாமல் மனத்தாங்கலில் முடிகிறது. ரசீதுப் புத்தகங்களுக்கு வரிசை எண் போட்டு, யாரிடம் எந்தப் புத்தகம் என்று எழுதி, எழுதாத தாளோடு திரும்ப வாங்குங்கள். கடை உண்டியலை இருவர் சேர்ந்து கடைக்காரர் முன்னிலையில் திறந்து அங்கேயே எண்ணி ரசீது போடுங்கள்.

இன்னிசைக் கச்சேரி நடத்தி நிதி திரட்டுவதில் எங்களுக்கு நம்பிக்கை குறைவு. எடுத்துக்காட்டாக 3 லட்சத்துக்கு நுழைவுச்சீட்டு விற்று, அரங்கம், ஒலி, ஒளி, கலைஞர், சாப்பாடு என்று 2 லட்சத்து 20 ஆயிரம் போனால் சேவைக்கு மிஞ்சுவது 80 ஆயிரம். சீட்டு வாங்கியவரோ 3 லட்சம் கொடுத்ததாக நினைப்பார், அடுத்த முறை கேட்டால் போன மாதம்தானே கொடுத்தோம் என்பார். வரவில் நாலில் ஒரு பங்குக்கு மேல் செலவாகும் எந்த நிகழ்ச்சியையும் விட்டுவிடலாம் என்பது எங்கள் கருத்து. நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் வரும், செலவு ரசீதுப் புத்தகம் மட்டுமே. பரிசுக் கூப்பன் விற்றுக் குலுக்கல் நடத்துவது அறவே வேண்டாம். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை உண்டு, பரிசுத் திட்டங்களைத் தடை செய்யும் 1979ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது. நல்ல காரியத்துக்குத்தான் என்று சொல்வது சட்டத்தின் முன் நிற்காது.

நன்கொடை கேட்கவும் பருவம் உண்டு. சென்னை, மும்பை, வளைகுடா எங்கும் இருக்கும் நம்மவர்கள் பொங்கலுக்கும், பங்குனி உத்திரத்துக்கும், ஊர்க் கொடைக்கும், மே விடுமுறைக்கும் வருகிறார்கள். ஜூலையில் அச்சடித்த வேண்டுகோளை அஞ்சலில் அனுப்புவதைவிட, அவர்கள் வந்திருக்கும் நாளில் அவர்கள் படித்த பள்ளிக்குக் கூட்டிப்போய் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும் என்று காட்டினால் கொடுப்பார்கள். ஒன்று கவனியுங்கள். இந்தியக் குடிமகனாக இருந்துகொண்டு துபாயில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகக் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர், அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட உறவினர் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை. அதற்குரிய மத்திய அரசுப் பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கக் கூடாது. கொடுப்பவரின் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்று கேட்டு எழுதிக்கொள்வதில் கூச்சம் வேண்டாம்.

வரிச் சலுகை உண்டு என்று ரசீதில் அச்சிடுமுன், அதற்கான வருமான வரித் துறை அனுமதி (80ஜி என்று சொல்வது) சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, அதன் அறக்கட்டளையின் பெயரில் இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று பாருங்கள். அனுமதி இருந்தாலும் ரூ.2,000க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை, அரிசி மூட்டையாகவோ சைக்கிளாகவோ கொடுத்தாலும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் டவுன் கடைக்காரர் காசோலையாகவே கொடுப்பார். சொல்லாமல் வாங்கினால் அவருடைய ஆடிட்டர் சொல்லும் நாளில் உங்கள் மேல் நம்பிக்கை போய்விடும்.

முதல் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அடுத்த ஜூனுக்கான பள்ளி நிதியையும் வெள்ள நிதியையும் தீர்மானமாக எழுதிவிடுங்கள். சேவைக் கணக்கின் வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, நன்கொடை கொடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்புங்கள். இரத்ததானத் தேதிகளைப் பிரித்துக்கொள்ள எல்லாச் சங்கச் செயலாளர்களும் ஜூலை முதல் இரு வாரத்துக்குள் ஒருமுறை கூடுங்கள். இரத்த வங்கி அலுவலரையும் அழையுங்கள், எந்த வாரம் எவ்வளவு வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். சொன்னால் நாங்களும் முகாம் பதிவேடு, ரசீதுக் கணக்கு நோட்டு இரண்டின் மாதிரியோடு வருகிறோம்.

இப்படிக்கு,
நெல்லை வட்டாரச் சேவைச் சங்கங்களின் முகாம்களிலும் கணக்குகளிலும் பணியாற்றும் தொண்டர்கள்